முதலில் அயல், பிறகு அறை
அடிஸ் அபாபாவில் ஒரு குடும்பம் சிக்கனமாகவும் பத்திரமாகவும் தங்குவது எப்படி?

ஹபஷா என்றதும் உங்கள் மனதில் முதலில் வருபவர் பிலால் (ரழி) அவர்களாக இருக்கலாம். அடுத்து வருவது முதல் ஹிஜ்ரத். மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்க முடியாமற் போனபோது, நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில் (கி.பி. 615) ஒரு சிறு கூட்டம் கடல் கடந்து ஹபஷாவில் தஞ்சம் புகுந்தது. அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பின்னர் அங்கு சென்றவர்களில் ஒருவரான அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அந்த மண்ணிலேயே பிள்ளை பெற்றார்கள். உம்மு ஸலமா (ரழி) அவர்கள் பிற்காலத்தில் அந்நாட்களை நினைவுகூர்ந்தபோது, நஜாஷி மன்னரைச் சிறந்ததோர் அயலவர் என்றே குறிப்பிட்டார்கள். தங்கிய வீடு பெரிதா சிறிதா என்பது அந்த அறிவிப்பில் இல்லை. அச்சமின்றி இருந்தோம் என்பதே அதில் இருக்கிறது.

அரபியில் "அல்ஜாரு கப்லத் தார்" என்றொரு பழமொழி வழங்குகிறது. வீட்டைப் பார்க்கும் முன் அயலைப் பார் என்பது அதன் கருத்து. காணி பூமி வாங்குபவருக்குச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் அறியாத நாட்டில் இரண்டு மூன்று இரவுகள் தங்கப் போகும் ஒருவருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். அந்தப் பழைய ஹபஷாதான் இன்றைய எதியோப்பியா. அதன் தலைநகர் அடிஸ் அபாபாவில் கையிலுள்ள பணத்துக்குள் ஒரு குடும்பம் பத்திரமாகத் தங்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இம்மாதம் உங்களுடன் பேசலாம்.

"நாங்கள் ஏன் அங்கே போகப் போகிறோம்?" என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டு எதியோப்பியாவின் ஹவாஸா நகரில் பெரியதோர் ஆடைத் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. இலங்கை நிறுவனங்களும் அங்கே தொழிற்சாலை அமைத்தன. நமது பிள்ளைகள் பலர் மேற்பார்வையாளராகவும் பொறியியலாளராகவும் அங்கு சென்றார்கள். கோப்பி வியாபாரத்திற்காகப் போவோரும் இருக்கிறார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்த நமது சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்த ஹபஷிப் பெண்ணைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள். அதோடு, இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி டாக்காவுக்கும் நைரோபிக்கும் கூடப் பொருந்தும்.

ஹோட்டல் என்றால் என்ன?

நம் ஊரில் "ஹோட்டல்" என்று பலகை தொங்கினால் அது சாப்பாட்டுக் கடை. கொத்து ரொட்டியும் தேநீரும் கிடைக்கும், கட்டில் கிடைக்காது. அடிஸ் அபாபாவில் ஹோட்டல் என்ற பலகைக்குப் பல பொருள் உண்டு. வெளிநாட்டுத் தலைவர்கள் தங்கும் மாளிகையும் ஹோட்டல்தான். கீழே மதுச்சாலை, மேலே நான்கு அறைகள் என்றிருக்கும் இடமும் ஹோட்டல்தான். இந்த இரண்டாவது வகையில் அறை மிக மலிவு. ஆனால் இரவு வெகுநேரம் வரை பாட்டும் கூச்சலும் இருக்கும். யார் யாரோ மாடிப்படியில் ஏறி இறங்குவார்கள். பிள்ளைகளுடனும் பெண்களுடனும் போகிறவர்கள் விலையைக் கண்டு அங்கே ஏமாந்துவிடக் கூடாது.

இன்னொரு வகை உண்டு. அதன் பெயர் "பென்ஷன்". ஓய்வூதியம் என்று எண்ணிவிடாதீர்கள்! அங்கே பென்ஷன் என்றால் மதுச்சாலை இல்லாத எளிய விடுதி என்று பொதுவாகச் சொல்லலாம். சாப்பாடும் பெரும்பாலும் இராது. ஒரு மதில், ஓர் இரும்புக் கேற், உள்ளே ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், இவ்வளவுதான். வீட்டுக்காரரே நடத்துகிற இடங்களும் உண்டு. சிக்கனமாகத் தங்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த வகையே ஏற்றது.

இந்நகரில் விடுதித் தொழிலைத் தொடக்கி வைத்தவர் ஒரு பெண் என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். பேரரசர் இரண்டாம் மெனலிக்கின் துணைவி தைத்து அவர்கள்தான் 1886ல் இந்நகர் உருவானபோது அதற்கு "புதிய மலர்" என்று பொருள்படும் அடிஸ் அபாபா என்ற பெயரைச் சூட்டினார்கள். நாட்டின் முதல் ஹோட்டலை நிறுவியவரும் அவரே. பியாஸா பகுதியில் உள்ள அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அயலைப் பாருங்கள்

விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியின் பெயர் போலே. புதிய கட்டடங்கள், அகன்ற வீதிகள், விளக்கு வெளிச்சம் எல்லாம் உண்டு. வாடகையும் சற்று அதிகம். இரவில் வந்து இறங்குகிறவர்கள் முதல் இரவை மட்டுமாவது இங்கே கழிப்பது நல்லது. ஒரு நாள் வாடகை கூடினாலும், பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் இருட்டில் முகவரி தேடுகிற ஆபத்து இல்லை.

மெர்காட்டோ நகரின் மேற்குப் பக்கத்திலுள்ள மாபெரும் சந்தை. முஸ்லிம் வியாபாரிகள் நிறைந்த இடம். பெரிய பள்ளிவாசலான அன்வர் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பாங்கு காதில் விழும், ஹலாலான இறைச்சியும் தட்டின்றிக் கிடைக்கும். ஆனால் சன நெரிசலும் அதிகம், பிக்பாக்கெட்காரர்களும் அதிகம். பகலில் போய்த் தொழுது, சாமான் வாங்கி வரலாம். முதன்முறை போகிற குடும்பம் சந்தைக்கு நடுவே அறை எடுக்காமல், சற்றுத் தள்ளி எடுப்பது உத்தமம். நம்மவர் இருக்கிற இடமெல்லாம் பத்திரமான இடம் என்று சொல்லிவிட முடியாது. நெரிசல் யாருடைய பையையும் பார்த்து இரக்கம் கொள்வதில்லை.

பியாஸா, கசான்சிஸ் ஆகியவை பழைய பகுதிகள். மலிவான விடுதிகளுக்குப் பெயர் பெற்றிருந்தன. 2024ஆம் ஆண்டு வீதி அபிவிருத்திக்காக இவ்விரு பகுதிகளிலும் பெருந்தொகையான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஆகவே, முன்பு போய் வந்தவர்கள் சொன்ன முகவரியையோ, பழைய வழிகாட்டிப் புத்தகத்தையோ நம்பிப் புறப்பட வேண்டாம். அழைத்துக் கேட்டு, விடுதி இருப்பதை உறுதி செய்த பின்னரே முற்பணம் பற்றிப் பேசுங்கள்.

விடுதியைத் தெரிவு செய்தபின் அதன் வீதியைப் பகலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கிறார்களா? சில்லறைக் கடைகள் மஃரிபுக்குப் பின்னும் திறந்திருக்கின்றனவா? விடுதி வாசலில் மின்குமிழ் எரிகிறதா? பக்கத்தில் மதுச்சாலை உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அயலில் தேறிவிட்டது. அதற்குப் பிறகு அறையைப் பார்க்கலாம்.

அறையில் பார்க்க வேண்டியவை

பணம் கொடுக்குமுன் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் கேட்பதுதான். ஆண்கள் வாடகையைப் பேசட்டும். அறையைப் பெண்கள் பாருங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஹவாஸாவில் வேலை செய்த எங்கள் மருமகனைப் பார்க்க நானும் என் துணைவியும் போயிருந்தோம். தலைநகரில் மூன்று இரவுகள் தங்க ஒரு பென்ஷனைப் பேசிக் கொண்டிருந்தேன். அதற்குள் என் துணைவி குளியலறை யன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டார். அதற்குக் கொளுக்கி இல்லை. யன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுக் கூரை. வேறு அறை கேட்டோம். வீட்டுக்கார அம்மா முகம் சுளிக்காமல் முற்றத்தைப் பார்த்த அறையொன்றைத் தந்தார். வாடகையில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கினோம்.

கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். திறப்பு மட்டும் போதாது. அதன் மறுபிரதி யாரிடமெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உள் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் வேறு அறை கேளுங்கள். அம்ஹாரி மொழியில் திறப்புக்கு "குல்ஃப்" என்கிறார்கள். பூட்டுக்கு அரபியில் "குஃப்ல்" என்பதை ஓதியவர்கள் அறிவீர்கள். இரண்டும் உறவுச் சொற்கள். இப்படிப் பல சொற்கள் உங்களுக்குக் கை கொடுக்கும். "பெத்" என்றால் வீடு, நமது "பைத்". ஸலாத்துக்கு "ஸெலாம்". கட்டிலுக்கு மட்டும் "அல்கா" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அறை இருக்கிறதா என்று கேட்க அதுவே போதும்.

அறை எந்த மாடியில் இருக்க வேண்டும்? கீழ்த்தளத்தில் வீதியைப் பார்த்த யன்னல் இருந்தால் வேண்டாம். மிக உயரத்திலும் வேண்டாம். மின்சாரம் நின்றால் லிஃப்ட் நின்றுவிடும், தீ விபத்து நேர்ந்தால் இறங்குவது சிரமம். முதலாம் அல்லது இரண்டாம் மாடி நல்லது. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நுவரெலியாவே 1,868 மீற்றர்தான் என்றால் எண்ணிப் பாருங்கள். வயது முதிர்ந்தவர்களுக்கு முதல் நாள் படியேற மூச்சு வாங்கும். அன்று அலைச்சலைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

அந்த உயரத்தின் காரணமாக இரவில் குளிர் கடுமை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழையும் சேரும். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்தித் துணிகளோடு மட்டும் போய்விடாதீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்து சுடுநீர் வருகிறதா என்று அங்கேயே கையை வைத்துப் பாருங்கள். "வரும்" என்ற சொல்லை நம்பி ஸுப்ஹுக்கு வுழூச் செய்யப் போனால் நடுங்க நேரிடும். ஒரு வாளியும் கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். நீர் நின்றுபோகிற நாட்களில் உதவும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பல் துலக்கவும் போத்தல் நீரே நல்லது. மின் பொருத்திகள் பெரும்பாலும் இரண்டு உருண்டை முனைகள் கொண்டவை. நமது மூன்று முனைப் பொருத்தி அதில் நுழையாது. மாற்றுப் பொருத்தியொன்றை இங்கிருந்தே கொண்டு போங்கள்.

தீயை மறவாதீர்கள்

திருடனுக்குப் பயந்து தாழ்ப்பாளைப் பார்க்கிற நாம், தீயை நினைப்பதில்லை. மேலே சொன்ன தைத்து அம்மையாரின் பழைய ஹோட்டலில் 2015 ஜனவரியில் தீப்பற்றிக் கட்டடத்தின் ஒரு பகுதி சேதமடைந்தது. 2024 அக்டோபரில் மெர்காட்டோ சந்தையில் பெருந்தீ ஏற்பட்டது. நெருக்கமான பழைய கட்டடங்களும் மின்வெட்டு நேரத்து மெழுகுதிரிகளும் உள்ள எந்த நகரிலும் இது நடக்கக் கூடியதே.

அறைக்குப் போனதும் வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். மாடிப்படி எத்தனையாவது கதவுக்கு அப்பால் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள். யன்னலுக்குக் கம்பி அடித்திருந்தால் திருடன் வர முடியாது, உண்மைதான். நீங்களும் வெளியேற முடியாது என்பதும் உண்மை. அப்படியான அறையில் கதவுத் திறப்பை இரவில் எப்போதும் ஒரே இடத்தில், கைக்கெட்ட வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். அங்கே கரி அடுப்பின் பாவனை அதிகம். கோப்பி காய்ச்சுவது அதில்தான். குளிருக்காக அந்தக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்து, கதவு யன்னலைச் சாத்திக் கொண்டு தூங்கினால் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு அறையில் நிறைந்துவிடும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புகை இல்லை, கரி கனிந்து விட்டது என்று எண்ணுகிறபோதுதான் ஆபத்து. யாராவது அன்போடு கொண்டு வந்து வைத்தாலும், படுக்குமுன் வெளியே எடுத்து விடுங்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்த செய்தி எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கும்போது அதை அணைத்து விடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இரவில் கதவை மூடி, பாத்திரத்தை மூடி வைக்கச் சொன்னதும் அவர்களே. பயணத்திலும் இந்த ஸுன்னத்தைப் பேணுங்கள்.

மணியும் திகதியும்

அடிஸ் அபாபாவில் நம்மவர் தடுமாறும் இடம் இது. அந்நாட்டின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அது எல்லா நாட்டிலும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் அங்குள்ள மக்கள் மணியை எண்ணுகிற முறையே வேறு. சூரியன் உதிக்கிற வேளையிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நமது காலை 7 மணி அவர்களுக்குப் பகல் 1 மணி. நமது இரவு 7 மணி அவர்களுக்கு இரவு 1 மணி. "கேற் இரவு 4 மணிக்குப் பூட்டப்படும்" என்று காவலாளி சொன்னால், நமது கணக்கில் 10 மணிக்கே பூட்டிவிடுவார் என்று பொருள். "காலை 2 மணிக்கு வாகனம் வரும்" என்றால் 8 மணிக்கு வரும். நடுநிசியில் பிள்ளைகளை எழுப்பிக் கொண்டு வீதியில் நிற்க வேண்டியதில்லை! விமானத்தில் போகிற நாளில் இது விளையாட்டான காரியமல்ல. மணி பேசும்போதெல்லாம், "உங்கள் மணியா, எங்கள் மணியா?" என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆறு மணித்தியாலத்தைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை வந்துவிடும்.

திகதியும் அப்படியே. அவர்களது ஆண்டில் 13 மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது நாட்கள், கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள். 2025 செப்டெம்பர் 11ஆம் திகதிதான் அங்கே 2018ஆம் ஆண்டு பிறந்தது. விடுதியின் பற்றுச்சீட்டில் ஏழெட்டு ஆண்டுகள் பழைய திகதியைக் கண்டு மோசடி என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை பணம் செலுத்தினீர்கள் என்பதை நமது திகதியிலும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பணமும் பத்திரங்களும்

அந்நாட்டு நாணயம் பிர். 2024 ஜூலை 29ஆம் திகதி அரசாங்கம் நாணய மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டது. அதற்கு முன் ஒரு டொலர் சுமார் 57 பிர்ராக இருந்தது. சில வாரங்களுக்குள் 100 பிர்ரைத் தாண்டிவிட்டது. எனவே பழைய வாடகைக் கணக்குகளை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம். வாடகை டொலரிலா பிர்ரிலா என்பதை முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள். பணத்தை வங்கியில் மாற்றுங்கள். வீதியில் கூடுதலாகத் தருகிறேன் என்று வருபவரிடம் மாற்றுவது சட்டத்துக்கும் மாறு, ஆபத்தும் கூட.

கடவுச்சீட்டைப் பதிவுக்காகக் காட்டலாம். பிணையாக வைத்துவிட்டுப் போகக் கூடாது. அதன் பிரதியொன்றைப் பெட்டியிலும் இன்னொன்றைக் கைப்பையிலும் வையுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காமல் கணவன் மனைவி இருவரும் பிரித்து வைத்துக் கொள்ளுங்கள். தங்க நகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இல்லாத நகையை எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது.

வீதியில் ஒருவர் உங்கள் மீது வந்து மோதி, உடுப்பில் எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வந்தால் நின்றுவிடாமல் நடந்து கொண்டே இருங்கள். ஒருவர் துடைக்க, மற்றவர் பையைத் திறப்பார். இருட்டிய பிறகு நடந்து போவதைத் தவிர்த்து, கைத்தொலைபேசியில் அழைக்கும் வாடகைக் கார்களைப் பயன்படுத்துங்கள். அவற்றுள் "ஃபெரெஸ்" என்று ஒன்றுண்டு. குதிரை என்று பொருள், நமது "ஃபரஸ்"தான்.

தலைநகருக்கு வெளியே போவதாயின் நன்றாக விசாரித்துப் புறப்படுங்கள். நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் 2020 நவம்பரில் மூண்ட போர் 2022 நவம்பர் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. 2023ல் அம்ஹாரா பகுதியிலும் மோதல் வெடித்தது. யுத்தம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீதி திறந்திருக்கிறதா என்பதை விடுதிக்காரரிடமே கேளுங்கள். அவர்களது உறவினர் அந்த வீதியில்தான் பயணம் செய்கிறார்கள்.

உணவும் தொழுகையும்

எதியோப்பியாவில் முஸ்லிம்கள் ஒரு சிறு கூட்டமல்ல. 2007ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மூன்றிலொரு பங்கினர் முஸ்லிம்கள். இரண்டு பெருநாட்களும் மீலாத் தினமும் அங்கே அரச விடுமுறை. முஸ்லிம்களின் இறைச்சிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் தனியாக இருக்கின்றன, கிறிஸ்தவர்களுடையவை தனி. ஒருவர் அறுத்ததை மற்றவர் உண்ணாத வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருப்பதால், "இது முஸ்லிம் இறைச்சியா?" என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

முஸ்லிம் கடை அருகில் இல்லையா? கவலை வேண்டாம். அந்நாட்டு ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முன் 55 நாட்களும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காத நோன்பு உணவு உண்பார்கள். பருப்பு, கீரை, கோவா, கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் வரும். அதன் பெயர் "பெயாய்நெத்து". ரொட்டியின் இடத்தில் "இன்ஜெரா" இருக்கும். நமது தோசை மாவைப் போல் புளிக்க வைத்துச் சுட்ட பெரிய மெல்லிய அப்பம் அது. பிள்ளைகளுக்குப் புளிப்புப் பழக ஒரு நாள் ஆகும். "தெஜ்" என்ற பெயரை மட்டும் நினைவில் வையுங்கள். தோடம்பழச் சாறு போலத் தோன்றும். அது தேனில் காய்ச்சிய மது.

கிப்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் நாம் மேற்கே சற்று வடக்கு நோக்கித் தொழுகிறோம். அடிஸ் அபாபாவிலிருந்து மக்கா ஏறக்குறைய நேர் வடக்கு. நகரின் வட எல்லையில் என்டோட்டோ மலை நிற்கிறது. விடுதி முற்றத்தில் நின்று அந்த மலை எந்தப் பக்கம் என்று பார்த்துக் கொண்டால் கிப்லா தெரிந்துவிடும். ஸுப்ஹு வேளையில் பாங்கோசையோடு தேவாலயங்களின் ஒலிபெருக்கியும் கேட்கும். தூக்கம் கலைகிறதே என்று குறைப்படுவதில் பயனில்லை. எழுந்து வுழூச் செய்தால் நேரம் வீணாகாது.

காவலாளியும் கோப்பியும்

ஒவ்வொரு விடுதிக் கேற்றிலும் ஒரு காவலாளி இருப்பார். "ஸபன்யா" என்பார்கள். குளிருக்குத் தடித்த போர்வை போர்த்தி, கையில் ஒரு தடியோடு இரவெல்லாம் விழித்திருப்பார். விடுதியில் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு அவர்தான். முதல் நாளே ஸலாம் சொல்லி, உங்கள் பிள்ளைகளை அவருக்குக் காட்டி வையுங்கள். முகம் தெரிந்த காவலாளி, முகம் தெரியாத எவனும் உங்கள் கதவை அணுக விடமாட்டார்.

வீட்டுக்கார அம்மா கோப்பிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். பச்சைக் கொட்டையை உங்கள் கண் முன்னே வறுத்து, இடித்து, மண் கூசாவில் காய்ச்சி, பிடியில்லாத சிறு கோப்பைகளில் ஊற்றுவார். சாம்பிராணி புகையும், சோளப்பொரியும் இருக்கும். மூன்று முறை ஊற்றுவது மரபு. முதலாவதுக்கு "அபோல்", இரண்டாவதுக்கு "தோனா", மூன்றாவதுக்கு என்ன பெயர் தெரியுமா? "பரக்கா". நமது பரக்கத்தேதான். அந்த மூன்றாம் கோப்பை வரை இருந்த பிறகுதான், இரவில் தண்ணீர் நின்றால் யாரை எழுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது என்பதையெல்லாம் எங்களுக்கு அந்த அம்மா சொல்லித் தந்தார். என் துணைவிக்கு அம்ஹாரி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பெண்களும் எப்படியோ பேசிக் கொண்டார்கள்.

தனியே நிற்க நேர்ந்தால்

மஹ்ரமின்றிப் பெண் தூரப் பயணம் போவதை நமது மார்க்கம் விரும்புவதில்லை. இருந்தும், வயிற்றுப்பாட்டுக்காகப் போன சகோதரியொருவர் விமானம் தவறி ஒரு தலைநகரில் தனியே நிற்கிற நிலை வரலாம். அவரைக் குறை சொல்லிக் கொண்டிருக்க இது நேரமல்ல. அவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் விமானக் கம்பனியின் கவுண்டருக்குப் போய், தங்குமிடம் தருவார்களா என்று கேட்க வேண்டும். நமது மொழி பேசிக் கொண்டு உதவிக்கு வருகிற அந்நியரோடு எங்கும் போகக் கூடாது. விடுதிப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் உடனே வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். அறை இலக்கத்தைப் பிறர் கேட்க உரத்துச் சொல்லக் கூடாது. யார் கதவைத் தட்டினாலும், திறக்குமுன் வரவேற்பு மேசைக்கு அழைத்துக் கேட்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அவரது கடவுச்சீட்டோடு வைத்து அனுப்புங்கள்.

விருந்தாளியின் கடமை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். தாழ்ப்பாளைப் போடுவது ஒட்டகத்தைக் கட்டுவது. அதற்குப் பிறகு ஓத வேண்டியதை ஓதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நம்மைக் காப்பவர்களுக்கு நாமும் கடன்பட்டவர்கள். தண்ணீர் கஷ்டமான ஊரில் குழாயைத் திறந்து விட்டுப் போகாதீர்கள். துவாயைப் பெட்டிக்குள் போட்டுக் கொள்ளாதீர்கள். அறையைக் கூட்டித் துடைக்கிற பெண்ணுக்கும், விடிய விடிய விழித்திருந்த காவலாளிக்கும் உங்களால் இயன்றதைக் கையில் கொடுங்கள். திறப்பை ஒப்படைத்து, பற்றுச்சீட்டைச் சரி பார்த்து, ஸலாம் சொல்லி விடைபெறுங்கள். அடுத்த மாதம் அதே கதவைத் தட்டப் போகும் இலங்கைக் குடும்பத்துக்கு நீங்கள் விட்டுச் செல்லும் நற்பெயர்தான் முதல் சிபாரிசு.